பேசிய பெண்களின் எண்ணிக்கை

எங்கள் வீட்டில் என் படிப்பையும் ஒரு வேலையாகத்தான் வைத்திருந்தார்கள். அம்மா விடியுமுன் மல்லிகை எடுக்கப் போவாள். அப்பா நிலக்கோட்டைச் சந்தையில் வேனுக்குப் பூ மூட்டை ஏற்றப் போவார். நான் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் படிக்கப் போவேன். யாராவது கேட்டால், “மக படிக்கிற வேலை பாக்குறா” என்பாள் அம்மா. அந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். அது வேறு வேலை.

போன வாரம் எங்கள் துறையில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி போன் செய்தாள். “அக்கா, ஒப்பீட்டு அரசியல் பேப்பர்ல இந்த வருசத்துல இருந்து கிராம சபைக்குப் போற வேலை கிடையாதாம். நெட்ல பாத்து எழுதிக் குடுத்தாப் போதுமாம். நீங்கல்லாம் போய் உக்காந்து என்னதான்க்கா எழுதுனீங்க? துறை இதழுக்கு எழுதிக் குடுங்க” என்றாள். நல்லபடியாக எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து யோசித்தபோது நல்லபடியாக எழுத முடியாது என்று தெரிந்தது. நடந்தபடிதான் எழுத முடியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். நான் அரசியல் அறிவியலில் சேர்ந்தபோது என் சித்தப்பா, “எந்தக் கட்சிக்குப் படிக்கிற?” என்று கேட்டார். “எல்லாக் கட்சிக்கும்” என்றேன். அந்தப் பதிலில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் குறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. மனப்பாடம் செய்தேன், மதிப்பெண் வாங்கினேன். ஒப்பீட்டு அரசியலை எல்லாரும் ஒரே மாதிரிதான் படித்தோம். தாளின் நடுவே பென்சிலால் ஒரு கோடு. இடது பக்கம் பிரிட்டன், வலது பக்கம் அமெரிக்கா. அடுத்த தாளில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து. எட்டு வேறுபாடு எழுதினால் முழு மதிப்பெண். எனக்குப் பத்து தெரியும்.

மூன்றாம் ஆண்டில் எஸ்தர் மேடம் வந்து அந்தக் கோடு போடுவதை நிறுத்தினார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். தவறு என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வராது. நாம் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் தன் பேனாவின் மூடியைப் போட்டு மூடினால், நாம் தவறாகப் பேசிவிட்டோம் என்று அர்த்தம். முதல் வாரமே எனக்கு மூடிவிட்டார். பிரிட்டனில் பிரதமரை இடையிலேயே மாற்ற முடிகிறது, அமெரிக்காவில் அதிபரை அப்படி மாற்ற முடியாது, ஆகவே பிரிட்டனில்தான் மக்களாட்சி கூடுதல் என்று எழுதியிருந்தேன்.

“எந்தக் கோல் வச்சு அளந்த?” என்றார் மேடம்.

எனக்குப் புரியவில்லை.

“ஒரு ஊர்ல மொழக்கோலு, இன்னொரு ஊர்ல படி. ரெண்டையும் வச்சு எது கூடுதல்னு எப்படிச் சொல்லுவ? முதல்ல கோலைச் சொல்லு. அந்த ஒரே கோலை ரெண்டு பக்கமும் வை. அப்புறம் வித்தியாசத்தைச் சொல்லு.”

பிறகு அதே கேள்வியை நஸ்ரினிடம் கேட்டார். அவள் எழுந்து, “சுவிட்சர்லாந்துல அடிக்கடி ஓட்டுப் போடுறாங்க மேடம். ஆனா ஒவ்வொரு தடவையும் எத்தனை பேர் வந்து போடுறாங்கன்னு பாத்தாத்தான் அது கூடுதலா கம்மியான்னு சொல்ல முடியும்” என்றாள். மேடம் பேனாவை மூடவில்லை. எழுதிக்கொண்டார்.

அன்று தொடங்கியது எனக்குள் அந்த எரிச்சல். நஸ்ரின் என் தோழி. முதல் நாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். என்னைவிட அவளுக்கு எப்போதும் ஐந்தாறு மதிப்பெண் குறைவு. ஆனால் அவளுடைய பதிலைக் கேட்டால் அதை அவள் எங்கோ பேசிப் பேசி வைத்திருக்கிறாள் என்று தோன்றும். எங்கே பேசுகிறாள் என்று ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. அவள் அத்தா தோல் மண்டியில் வேலை பார்ப்பவர், பத்தாவது வரை படித்தவர். மத்தியானம் சாப்பிட வந்தவர் கை கழுவிக்கொண்டே, “இன்னைக்கு எந்த நாடும்மா?” என்று மகளைக் கேட்டார்.

“சீனா அத்தா.”

“அங்க ஒரே கட்சிங்குறாங்களே, அப்ப யாரு யாரைக் கேள்வி கேக்குறது?”

அவள் சொன்னாள். அவர் மறுத்தார். அவள் மறுபடி சொன்னாள். குழம்பு ஆறிப்போகும்வரை பேசினார்கள். இடையில் அவர் என்னைப் பார்த்து, “நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்றார். பத்து வேறுபாடும் தெரிந்த எனக்கு ஒன்றும் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பூக்கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு கணக்குப் பார்த்தேன். என் அப்பா இதுவரை என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “சாப்டியா?” அவர் பாசமானவர். ஆனாலும் அன்றைக்கு எனக்கு நஸ்ரின் மேல் வந்தது பொறாமை என்று சொன்னால் குறைவு. அவளுடைய அத்தாவை எடுத்துக்கொண்டு வந்துவிட முடியுமா என்று இருந்தது.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கிராம சபை. மேடம் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு இரண்டு ஊராட்சி. ஏறக்குறைய ஒரே அளவு மக்கள், ஒரே மாதிரி விவசாயம், இரண்டிலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். இவ்வளவும் ஒன்றாக இருந்தும் எது வேறாக இருக்கிறது, ஏன் என்று பார்ப்பதுதான் வேலை. ஆளுக்கு ஓர் அச்சடித்த தாள். வந்த ஆண்கள், வந்த பெண்கள், வாசித்த தீர்மானங்கள், பேசிய ஆண்களின் எண்ணிக்கை, பேசிய பெண்களின் எண்ணிக்கை, அவர்கள் பேசிய பொருள். நானும் நஸ்ரினும் ஒரு ஜோடி. அவளுக்கு வடமதுரைப் பக்கம் ஓர் ஊராட்சி. எனக்குப் பஸ் வசதி கருதி எங்கள் ஊரையே கொடுத்தார்.

“சொந்த ஊரா இருந்தாலும் அங்க நீ விருந்தாளி மாதிரி உக்காரு. யாரோடயும் சேந்து உக்காராத” என்றார் மேடம். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு வசதியாகப் போகும் என்று அப்போது தெரியாது.

எங்கள் ஊரில் சமுதாயக்கூடத்துக்கு முன்னால் பந்தல். நாற்காலியில் ஆண்கள், ஜமுக்காளத்தில் பெண்கள். நான் தனியாக ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு, கழுத்தில் கல்லூரி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஊராட்சிச் செயலர் வருகைப் பதிவேட்டையும் தீர்மானப் புத்தகத்தையும் ஒன்றாகவே கொண்டுவந்து பெண்களிடம் கைநாட்டு வாங்கத் தொடங்கினார். தீர்மானம் இன்னும் ஒன்றுகூட வாசிக்கப்படவில்லை. எங்கள் ஊரில் வழக்கமே அதுதான். மை டப்பா கை மாறிக் கை மாறி அம்மாவிடம் வந்தது.

அம்மா எழுந்து நின்றாள்.

“மொதல்ல வாசிங்க. அப்புறம் வைக்கிறேன்.”

“எல்லாம் எப்பவும் உள்ளதுதாம்மா. வையி” என்றார் செயலர்.

“எப்பவும் உள்ளத இன்னைக்கு ஒருக்க வாசிங்க.”

நாற்காலி வரிசையிலிருந்து ஒருவர், “வாசிச்சா மட்டும் ஒனக்கு வெளங்கிருமாக்கும்?” என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள்.

“வெளங்காட்டி கேப்பேன்ல” என்றாள் அம்மா.

இன்னும் சிரித்தார்கள். ஆனால் செயலர் புத்தகத்தைத் திருப்பி இரண்டு தீர்மானங்களை வாசித்தார். அம்மா ஒன்றைப் பற்றி ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். பிறகு அவள் கைநாட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் கேட்டது என்ன என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்துகொண்டிருந்தேன். அந்தப் பந்தலில் கல்லூரிக்குப் போன ஒரே ஆள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோது, என் அம்மா தனக்கு எழுத்துத் தெரியாது என்பதை ஊர்முன் எழுந்து நின்று சொல்லிவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. தாளில் ‘பேசிய பெண்களின் எண்ணிக்கை’ என்ற இடம் வந்தபோது, அம்மா வாசிக்கச் சொன்னது கூட்டத்தின் பொருள் பட்டியலில் இல்லாதது, ஆகவே அது பேச்சு ஆகாது என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன். ‘இல்லை’ என்று எழுதினேன்.

மறுநாள் தாள்களை ஒப்படைத்தோம். நஸ்ரின் பார்த்த ஊரில் ஒரு பெண் எழுந்து குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசியிருந்தாள். என் தாளின்படி எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் பேசவில்லை. அங்கே மகளிர் சுய உதவிக் குழு பல வருடமாகக் கூடி வந்தது. எங்கள் ஊர்க் குழு கலைந்துபோயிருந்தது. நான் ஒரே வாரத்தில் கட்டுரை எழுதிவிட்டேன். குழுவில் பேசிப் பழகிய பெண்கள் சபையிலும் பேசுகிறார்கள் என்பது என் முடிவு. அழகான முடிவு. மேடம் முழுதும் வாசித்தார். பேனாவை மூடவே இல்லை.

“காரணம் நல்லா வந்திருக்கு. மதுரைக் கருத்தரங்குக்கு நம்ம துறையில இருந்து இது போகட்டும். எழுதுனது நீ. நீயே வாசி” என்றார்.

மேடையில் நிற்கப் போகிறேன். இந்தச் செய்தியை நான் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொன்னேன். நஸ்ரின் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் முகத்தில் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் மேடத்திடம் இன்னொரு வழக்கம் இருந்தது. ஊர் மாற்றிப் பார்க்காமல் எந்தக் கட்டுரையும் வெளியே போகாது. நான் நஸ்ரினின் ஊருக்குப் போக வேண்டும், அவள் என் ஊருக்கு வர வேண்டும். ஆளுக்கு மூன்று பேரைப் பார்த்து, மற்றவள் எழுதிய தாள் சரியா என்று கேட்டு, சரியென்றால் கையெழுத்துப் போட வேண்டும். நான் நஸ்ரினுக்கு மூன்று பெயர்கள் எழுதிக் கொடுத்தேன்: செயலர், மளிகைக்கடைக்காரர், கலைந்த குழுவின் பழைய தலைவி. மூவருமே அம்மாவின் பேச்சை ஒரு பொருட்டாக நினைக்காதவர்கள். அம்மா அந்த நேரத்தில் மல்லிகைக் காட்டில் இருப்பாள் என்றும் கணக்குப் போட்டிருந்தேன்.

நான் வடமதுரைப் பக்கம் போய் நஸ்ரினின் தாளில் பிழை தேடினேன். சரிபார்க்கப் போனேன் என்று சொன்னால் பொய். பிழை தேடத்தான் போனேன். மூன்று பேர் போதும் என்ற இடத்தில் ஏழு பேரைப் பார்த்தேன். குழாய் பற்றிப் பேசிய அக்காவையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பதிவேட்டில் வந்த ஆண்களின் எண்ணிக்கை மட்டும் அவள் எழுதியதைவிட இரண்டு கூடுதல். அந்த இரண்டு ஆண்கள் எனக்குத் தந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாது. சிவப்பு மையால் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை நஸ்ரின் என்னைத் துறைக்கு வெளியே வராந்தாவில் நிறுத்தினாள்.

“உங்க ஊர்ல ஒரு ஆளு பேசியிருக்காங்கடி.”

“யாரு?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

அவள் நோட்டைத் திறந்தாள். நாலு பக்கம் நெருக்கி எழுதியிருந்தாள். பஸ் விட்டு இறங்கியவளின் கழுத்து அட்டையைப் பார்த்து, “நீ செல்வி கூடப் படிக்கிற புள்ளையா?” என்று கேட்டு அம்மாதான் அவளை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அன்றைக்குப் பூ வரத்து குறைவு, எல்லாரும் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

“நான் குடுத்த மூணு பேரு போதாதா? எங்கம்மாகிட்ட எதுக்குப் போன?” என்றேன்.

“அவங்க கூப்பிட்டாங்க, போனேன். சோறு போட்டாங்க. கத்திரிக்கா வெஞ்சனம். ரெண்டு மணி நேரம் பேசுனாங்க செல்வி. தீர்மானப் புத்தகத்துல என்னென்ன வரும், எத எத வாசிக்காம விட்ருவாங்க, எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காங்க. நான் பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தேன்.”

இரண்டு மணி நேரம். என் அம்மா என்னிடம் தொடர்ந்து பத்து நிமிடம் பேசியதில்லை. “பஸ்ஸு வந்துரும்”, “தட்ட எடு”, “லைட்ட அமத்து” என்பாள். என் வீட்டில் என் பாயில் உட்கார்ந்து என் அம்மாவிடம் இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் இவள். அத்தா போதாதென்று அம்மாவையும்.

“அது பேச்சு இல்ல நஸ்ரின். பட்டியல்ல இல்லாதது. சும்மா ஒரு கேள்வி.”

“நான் பாத்த ஊர் அக்கா குழாயப் பத்திப் பேசுனதும் பட்டியல்ல இல்லடி. அத நான் ஒண்ணுன்னு போட்டேன். நீயும் போய் விசாரிச்சு சரின்னு கையெழுத்துப் போட்டிருக்க.”

அவள் ஊருக்கு ஒரு கோல், என் அம்மாவுக்கு ஒரு கோல். ஒரே கோலை வைத்தால் இரண்டு ஊரிலும் பேசிய பெண்கள் ஒன்று, ஒன்று. வித்தியாசமே இல்லை. வித்தியாசமே இல்லாத ஒன்றுக்கு நான் அழகாகக் காரணம் எழுதியிருக்கிறேன்.

“மேடம்கிட்ட சொல்லப் போறியா?” என்றேன்.

“நான் சொல்ல மாட்டேன். ஆனா உன் தாள்ல என்னால கையெழுத்துப் போட முடியாது. நீயா போய்ச் சொல்லு.”

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சண்டை போட்டேன். “அந்தப் புள்ளகிட்ட எதுக்கு எல்லாத்தையும் சொன்ன?”

“கேட்டா, சொன்னேன். நீ கேக்கலையே” என்றாள் அம்மா, பாத்திரம் துலக்கிக்கொண்டே.

இரண்டு நாள் மேடத்திடம் போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். உண்மை வேறு. எந்த நேரத்திலும் நஸ்ரின் மனம் மாறி முந்திக்கொண்டு சொல்லிவிடலாம். சொன்னால் நேர்மையானவள் என்ற பெயரும் அவளுக்கே போய்விடும். அதையாவது நான் வாங்கிவிட வேண்டும் என்று போனேன்.

மேடம் கேட்டுக்கொண்டார். பேனா ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“உங்கம்மா என்ன சொன்னாங்களோ அத அப்படியே எழுது. அவங்க வார்த்தையில.”

முதல் இரண்டு வாக்கியம் எழுதினேன். அதற்குப் பிறகு தீர்மானம் வாசித்ததும் அவள் கேட்ட கேள்வி எது? செயலர் சொன்ன பதில் எது? பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.

“நீ அங்கதான இருந்த?”

“இருந்தேன் மேடம்.”

“கேக்கலையா?”

“கேக்கல மேடம்.”

நஸ்ரினை அழைத்தார். அவள் நோட்டில் இருந்தது. புதுக் குழாய்க்கு ஒரு தெரு என்று தீர்மானத்தில் இருக்கிறதே, எந்தத் தெரு என்று ஏன் எழுதவில்லை என்று அம்மா கேட்டிருக்கிறாள். செயலர் தெருவின் பெயரைச் சொல்ல, “அத எழுதிட்டு வாங்க, மையி காஞ்சுறாது” என்றிருக்கிறாள். எழுதிய பிறகுதான் கைநாட்டு. மேடம் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு, “ரெண்டு ஊர்லயும் பேசியிருக்காங்க. ஒரு ஊர்ல குறை சொல்லியிருக்காங்க. இன்னொரு ஊர்ல தீர்மானத்தையே மாத்தியிருக்காங்க. இதுதான் வித்தியாசம். இது எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க, ரெண்டு பேரும். வாசிக்கிறது நஸ்ரின். ஏன்னா கேட்டு வச்சிருக்கிறது அவதான்” என்றார்.

அவ்வளவுதான். அவர் குரல் அப்போதும் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

மதுரையில் நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் நஸ்ரின் வாசித்தாள். ஊராட்சியில் பேசியவர்களின் பெயரை வெளியிடக் கூடாது என்பது மேடத்தின் விதி. ஆகவே கட்டுரையில் என் அம்மா ‘பெண் இரண்டு’. “மையி காஞ்சுறாது” என்ற இடத்தை நஸ்ரின் எங்கள் ஊர் இழுவையோடு அப்படியே சொன்னாள். அரங்கம் சிரித்தது. பந்தலில் சிரித்த சிரிப்பு இல்லை. பிறகு கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த வேறு கல்லூரிப் பெண், “யாருங்க அந்தப் பெண் இரண்டு? செம ஆளு” என்றாள். எழுந்து நின்று, அவள் என் அம்மா, நான் அவள் பெற்ற மகள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. விதி விடவில்லை. “தெரியலைங்க” என்றேன். தாளில் ‘இல்லை’ என்று எழுதியதற்குப் பிறகு, ஒரே வருடத்தில் இரண்டாம் முறை அவளை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தேநீர் இடைவேளையில் நஸ்ரினைச் சுற்றி நின்றவர்களை நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, பொய் சொல்லப் போவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நானும் காட்டுக்குப் போனேன். விடிந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் மொட்டுப் பறித்து மடியில் போட்டுக்கொண்டே நகர, நான் வரப்பில் நோட்டோடு நடந்தேன்.

“அந்தப் புள்ளகிட்டத்தான் எல்லாம் சொல்லிட்டேனே. அவகிட்ட வாங்கி எழுதிக்க” என்றாள்.

“அவகிட்ட சொல்லாதது ஏதாவது இருக்கா?”

அம்மா ஒரு செடியை முழுக்கப் பறித்து முடித்தாள்.

“ஒண்ணு இருக்கு. அவளும் கேட்டா, இம்புட்டு வருசமா வாசிக்காமத்தான கைநாட்டு வாங்குனாங்க, இந்தத் தடவ மட்டும் ஏன் எந்திரிச்சீங்கன்னு. சும்மா தோணுச்சு, எந்திரிச்சேன்னு சொல்லிட்டேன்.”

“அப்ப உண்மையில ஏன் எந்திரிச்ச?”

“நீ நோட்டும் கையுமா உக்காந்திருந்தேல்ல. நாம சொன்னா எழுதிக்கிற நம்ம புள்ள ஒருத்தி இருக்கான்னு எந்திரிச்சேன்.”

அடுத்த செடிக்குப் போய்விட்டாள். எங்கள் கட்டுரையில் தீர்மானம் மாறியதற்கு மூன்று காரணங்கள் எழுதியிருந்தோம். இது அதில் இல்லை. அன்றைக்கு வரப்பிலேயே உட்கார்ந்து இதை என் நோட்டில் எழுதினேன். மேடத்திடம் காட்டவில்லை. நஸ்ரினிடமும் சொல்லவில்லை. இந்த இதழை வாசித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.